எடை குறைக்கற ஆபரேஷனுக்கு அப்புறம் இத்தனை மாத்திரையையும் நடையையும் எப்படி சமாளிக்கறது?

கேள்வியில நீங்க சொன்னது: இரைப்பை பைபாஸ் பண்ணி மூணு வாரம் ஆகுது, சுகர், பிபி, தைராய்டுக்கு மாத்திரை இருக்கு, அதுக்கு மேல வைட்டமின் வேற, நடக்கவும் சொல்றாங்க, வீட்ல நடக்க விட மாட்டேங்கறாங்க, கடலூர்ல யாராவது அனுபவப்பட்டவங்க இருந்தா சொல்லுங்க.

நானும் கடலூர்தாங்க, மஞ்சக்குப்பம். பாண்டிச்சேரியில போய் பண்ணிக்கிட்டேன், அதே பைபாஸ்தான், உங்களுக்கு இருக்கற மூணும் எனக்கும் இருந்துச்சு, கூடவே முட்டி வலி. அதனால தெரிஞ்சத விவரமாவே சொல்றேன்.

முதல் வேலை, ஆபரேஷனுக்கு முன்னாடி எழுதின பழைய சீட்ட தூக்கி பீரோவுல வச்சிடுங்க, அத காட்டி இனிமே எதையும் வாங்க வேணாம். இப்ப உங்க இரைப்பை ஒரு முட்டை அளவுதான், சாப்பாடு சிறுகுடலோட முதல் பகுதிக்குள்ள போகாம தாண்டி போகுது, மாத்திரையும் அதே வழிதான். பேருக்கு பின்னாடி எஸ்ஆர், எக்ஸ்ஆர்னு போட்டிருக்கறதெல்லாம் குடல்ல மெதுவா கரையற மாதிரி செஞ்சது, இப்ப அது சரியா உடம்புல சேராம போயிடலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் எஸ்ஆர் போடறவங்க நெறைய பேர் இருக்கோம், சாதா மெட்ஃபார்மினா மாத்தணுமான்னு சர்ஜன்கிட்ட கேட்டுடுங்க. ஆரம்பத்துல பெரிய மாத்திரைய பொடிச்சு குடிக்க சொல்லுவாங்க இல்லையா, அப்ப இந்த எஸ்ஆர் வகைய மட்டும் பொடிக்கவே கூடாது, நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து மொத்தமா ஒரே நேரத்துல இறங்கிடும்.

சுகர் விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. எடை பெருசா குறையறதுக்கு முன்னாடியே, ஆபரேஷன் ஆன சில நாள்லயே சுகர் இறங்க ஆரம்பிச்சிடும், சாப்பாடும் ரெண்டு மூணு ஸ்பூன்தான், அதுல பழைய அளவுக்கே கிளிமிப்ரைடோ இன்சுலினோ போட்டா லோ சுகர் ஆகி கை நடுங்கி வேர்த்து கொட்டிடும். வீட்ல குளூக்கோமீட்டர் இருக்கட்டும், நடக்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கங்க. பிபியும் அப்படித்தான், முக்கியமா யூரின் நிறைய போக வைக்கற வகை மாத்திரைன்னா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு குடிக்கற தண்ணியே பத்தாது, எந்திரிச்சா கண்ணு இருட்டிட்டு வரும். ஆனா நீங்களா எதையும் நிறுத்தவோ குறைக்கவோ வேணாம், சுகர், பிபி எவ்வளவு காட்டுதுன்னு எழுதி வச்சு போன் பண்ணி கேளுங்க.

வலி மாத்திரை பத்தி நான் யாரப் பாத்தாலும் சொல்லுவேன். முட்டி வலின்னு மெடிக்கல்ல கேட்டா டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் சாதாரணமா எடுத்து குடுத்துடறாங்க. பைபாஸ் பண்ணவங்களுக்கு இரைப்பையையும் குடலையும் சேத்து தச்ச இடத்துல இது புண்ணு ஆக்கும், ரத்தம் கூட கசியும். "பாராசிட்டமால்தாங்க"ன்னு குடுக்கற அட்டையையும் திருப்பி படிங்க, பல அட்டையில அதே வகை மருந்தான அசிக்ளோஃபினாக்கும் சேந்தே இருக்கும். வெறும் பாராசிட்டமால்தான் நமக்கு. பல் டாக்டரோ காய்ச்சலுக்கு பாக்கற டாக்டரோ யாரா இருந்தாலும் உக்காந்ததும் முதல்ல பைபாஸ் பண்ணிருக்கேன்னு சொல்லிடுங்க.

இப்ப நேரம் பிரிக்கற விஷயம், இதுலதான் நடையும் சேருது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும், கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம், இரும்பு போடற நேரத்துல டீ காபி கிட்டயே வரக்கூடாது. கால்சியம் சிட்ரேட்டா பாத்து வாங்குங்க, கார்பனேட் கரைய ஆசிட் வேணும், நமக்கு அது கம்மி. நான் பண்றது என்னன்னா, இந்த காத்திருக்கற நேரத்துல எல்லாம் நடந்துடறது. விடியக்காலம் வெறும் வயித்துல தைராய்டு போட்டா எப்படியும் அரை மணி, முக்கா மணி எதுவும் சாப்பிடக்கூடாது, அதுதான் முதல் நடை. மதியம் ஒரு கால்சியம், சாயந்தரம் ஒண்ணு, அது முடிஞ்சு வெயில் தாழ ரெண்டாவது நடை, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இரும்பு. மாத்திரைக்கு வைக்கற அலாரமே நடைக்கும் ஆச்சு.

வீட்ல "இப்பதான் வயித்த அறுத்து வந்திருக்க, பேசாம படு"ன்னு அன்பாதான் சொல்லுவாங்க, எங்க அத்தையும் சொன்னாங்க. அவங்களுக்கு புரியற மாதிரி சொல்லுங்க, படுத்தே இருந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டி அது நுரையீரலுக்கு போற ஆபத்து இருக்கு, அதுக்குதான் ஆஸ்பத்திரியில அன்னைக்கே எழுப்பி நடக்க விட்டாங்க, தொப்புள் பக்கத்துல ஊசியும் போட்டாங்க. ஒரே மூச்சா ஒரு மணி நேரம் நடக்க வேணாம், வீட்டுக்குள்ளயோ மாடியிலயோ பத்து பத்து நிமிஷமா நாலஞ்சு தடவ போதும், வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. வெளிய போறீங்கன்னா மஞ்சக்குப்பம் மைதானம் சமதளமா இருக்கும். சில்வர் பீச் மணல்ல இப்போதைக்கு வேணாம், கால் புதைஞ்சு வயித்த இழுக்கும். பாண்டி போனா பீச் ரோடு நல்ல இடம், சாயந்தரம் 6 மணியிலேந்து காலைல 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க. கையில தண்ணி பாட்டில் இருக்கணும், வாய் வாயா குடிக்கணும், மடக்குன்னு குடிச்சா நெஞ்ச அடைக்கும். 20 லிட்டர் தண்ணி கேன், கேஸ் சிலிண்டர், குழந்தைய தூக்கறது, வயித்துக்கான எக்சர்சைஸ் எல்லாம் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கிடையாது, சாதாரணமா ஒரு ஆறு வாரம் ஆகும்.

ஒரு கால் கெண்டை மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு ஓடிட்டே இருந்தாலோ, காய்ச்சலோட வயித்து வலி வந்தாலோ காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ஆபரேஷன் பண்ண இடத்துக்கே கிளம்பிடுங்க. இரும்பு மாத்திரையில மலம் கருப்பாதான் போகும், ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு நாத்தமா போனா அது ரத்தமா இருக்கலாம். வாந்தி ரெண்டு மூணு நாள் நிக்காம இருந்தா பி1 வைட்டமின் வேகமா குறைஞ்சு நரம்ப பாதிக்கும், அப்பவும் உடனே போகணும். பித்தப்பையில கல் வராம இருக்க அர்சோடிஆக்சிகோலிக் ஆசிட் குடுத்திருந்தா பொதுவா ஆறு மாசம், வைட்டமின் மட்டும் ஆயுசுக்கும். பி12 ஊசியா மாத்திரையான்னு ரத்த டெஸ்ட் பாத்து சொல்லுவாங்க, அடுத்த ரிவ்யூக்கு போகும்போது மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அப்படியே எடுத்துட்டு போங்க.