பேச்சை வெட்டி ஒளிபரப்பிவிட்டார்கள், நான் என்ன செய்வது?

கேள்வி: நான் ஒரு பேரூராட்சித் தலைவர். கூட்டமொன்றில், “வரி கட்டாத வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது என்று சிலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன்” என்று பேசினேன். எதிர்க்கட்சி ஆதரவுச் சேனல் “கிடையாது” என்பதோடு நிறுத்தி நாள் முழுக்க ஓட்டியது. எங்கள் கட்சிச் சேனல் கண்டுகொள்ளவே இல்லை. 60,000 ரூபாய் கொடுத்தால் வீடியோவை எடுக்க வைக்கிறேன் என்கிறார் ஒருவர். ஒளிபரப்பாகி 4 நாள் ஆகிறது. போலீசுக்குப் போகலாமா?

பதில்: முதலில் அந்த 60,000-ஐப் பையிலேயே வையுங்கள். இப்படி வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சேனல் வாசலே தெரியாது. மீதிப் பேர், எடுக்க வைத்த வீடியோவை அடுத்த மாதம் திரும்பப் போட வைப்பவர்கள். ஒருமுறை பணம் கொடுத்த தலைவரின் பெயர் எந்தப் பட்டியலில் ஏறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. “பாசிட்டிவ் கவரேஜ் பேக்கேஜ்” என்று இன்னொருவர் வருவார். அதைத் தேர்தல் நேரத்தில் வாங்கினால், பணம் கொடுத்துப் போட்ட செய்தி என்று அது உங்கள் செலவுக் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

போலீஸ் வேண்டாம். அவதூறு என்பது போலீஸ் தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அல்ல. அலைந்து திரிந்தாலும், மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்று தரும் சி.எஸ்.ஆர். ரசீதுதான் கையில் மிஞ்சும். பிரஸ் கவுன்சிலுக்கும் எழுதாதீர்கள், அது பத்திரிகைகளுக்கானது. டிவி விவகாரத்தை அங்கே அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்கு இருப்பது இன்னும் 3 நாள். செய்தி ஒளிபரப்பாளர் சங்கத்தின் தர ஆணையம் வரை போக வேண்டுமென்றால், ஒளிபரப்பான 7 நாளுக்குள் முதலில் சேனலுக்கே எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். தேதி, நேரம், ஓட்டிய வாசகம், நீங்கள் பேசிய முழு வாக்கியம் இவ்வளவு போதும். “என் நாற்பதாண்டுப் பொதுவாழ்வு” என்று ஆரம்பிக்காதீர்கள். கேபிள் டிவி விதிகளில் 6-வது விதி, அரை உண்மைகளை ஒளிபரப்பக் கூடாது என்கிறது. உங்கள் கதை அச்சு அசலாக அதுதான். தமிழில் “என்று” வினைக்குப் பின்னால்தானே வருகிறது, கத்தரி போடுகிறவருக்கு அதைவிட வசதி வேண்டுமா? இனி மேடையில் “நான் சொல்ல மாட்டேன்” என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அதே கேபிள் டிவி விதிகளின் 2021 திருத்தப்படி சேனல் 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அல்லது சொன்னது திருப்தி இல்லாவிட்டால், அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்துள்ள சுய ஒழுங்கு அமைப்புக்கு, அதாவது சேனல்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட கண்காணிப்பு அமைப்புக்கு, மேல்முறையீடு. முழுப் பேச்சின் பதிவை எடுத்த போனிலேயே வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த காப்பியை ஆதாரமாக நீட்டாதீர்கள். சேனலும் தன் ஒளிபரப்புப் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும், அதைப் பத்திரப்படுத்தும்படி புகாரிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

ஒன்றில் மட்டும் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அன்றிரவு விவாதத்தில் யாராவது “இவர் திறமையற்ற தலைவர், தண்ணீர் விநியோகம் படுமோசம்” என்று சொல்லியிருந்தால், அதைப் புகாரில் சேர்க்காதீர்கள். பொதுப் பதவியில் இருப்பவரின் பொதுச் செயலைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவிலேயே அந்த விலக்கு இருக்கிறது. “படுமோசம்” கருத்து, விட்டுவிடுங்கள். “தண்ணீர் கிடையாது என்றார்” என்பது தகவல், பொய்யான தகவல், அதைப் பிடியுங்கள். “திறமையற்றவர், அதனால்தான் தண்ணீர் கிடையாது என்றார்” என்று இரண்டையும் கலந்திருந்தால், பின்பாதியை மட்டும் எடுத்து எழுதுங்கள். கோபத்தில் நாலு பக்கத்துக்கு எல்லாவற்றையும் கொட்டினால், சேனல் தரப்பு அந்தக் கருத்துப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு மொத்தப் புகாரையும் தள்ளிவிடும்.

நஷ்டஈடு வழக்குக்கு ஒரு வருஷம் அவகாசம் உண்டு. அவசரப்பட வேண்டாம்.

பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள். செய்தி ஒளிபரப்பாளர் தர ஆணையம் விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாயாக இருந்தபோது, இது யாரைத் தடுக்கும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே கேட்டது. கட்சிகள் சேனல் நடத்தக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-லும் 2014-லும் பரிந்துரைத்தது. பரிந்துரை அலமாரியில் தூங்குகிறது, இங்கே ஆளுக்கொரு சேனல். திருத்தம் ஒன்று ஓடினால், அதுவே உங்களுக்கு வெற்றி.

உங்கள் கட்சிச் சேனல் கண்டுகொள்ளாததற்குச் சட்டத்தில் மருந்து கிடையாது. யாரைக் காட்டுவது என்பது அவர்கள் இஷ்டம். மாவட்டச் செயலாளரோடு உங்களுக்குச் சரியில்லை என்றால், அங்கே கேமரா உங்கள் பக்கம் திரும்பாது. முழு வாக்கியமும் வரும் ஒரு நிமிடத் துண்டை மாவட்ட நிருபருக்கு அனுப்பிவையுங்கள். நேரலை விவாதத்துக்குக் கூப்பிட்டால் மட்டும், புகாருக்குப் பதில் வரும்வரை போகாதீர்கள்.