வன்பொருள் என்கோடர் 'முடியாது' என்று மட்டும் சொன்னால்: கேள்வி பதில்

மண்டபம் பக்கத்துப் படகுகளிலும் இறங்குதுறைகளிலும் கேமரா பொருத்தி, காட்சியைச் சுருக்கிக் கரைக்கு அனுப்பும் நிரல்களைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். இப்படிச் சுருக்குவதுதான் என்கோடர்: அதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருந்தால் வன்பொருள் என்கோடர், பொதுச் செயலியில் நிரலாக ஓடினால் மென்பொருள் என்கோடர். நம் கடற்கரை ஊர்களிலிருந்து சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள்: 'பிழை வருகிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். பிழை எண்ணையும், எந்த அழைப்பில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: அண்ணே, என்விடியா என்கோடரைச் சி++ நிரலிலிருந்து நேரடியாக அழைக்கிறேன். தொடங்கி வைக்கும் அழைப்பு 8 என்ற எண்ணைத் தருகிறது. ஆவணத்தில் 'தவறான அளவுரு' என்பதோடு சரி. இத்தனை அளவுருக்களில் எது தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, எண்ணோடு வந்தீர்கள், நல்லது. அந்த 8 பிடிபட்ட இடத்தைத்தான் சொல்கிறது. தவறு பெரும்பாலும் அதற்குப் பத்து வரி முன்னால் நடந்திருக்கும்.

முதலில், அளவுருக்களை நிரப்பிக் கொடுக்கும் ஸ்ட்ரக்சர் முழுவதையும் சுழியமாக்குங்கள். பிறகு அதன் பதிப்பு எண்ணை நிரப்புங்கள். அதை விட்டுவிட்டால் பெரும்பாலும் 15, அதாவது 'தவறான பதிப்பு' வரும். முன்னமைவை, அதாவது தயாராக வரும் அமைப்புத் தொகுப்பை, கேட்டு வாங்கும் ஸ்ட்ரக்சருக்குள் இன்னொரு ஸ்ட்ரக்சர் இருக்கிறது. அதற்கும் தனியாகப் பதிப்பு எண் வேண்டும். நானே ஒருமுறை உள்ளே இருப்பதை மறந்துவிட்டு ஒரு நாள் முழுவதையும் இழந்தேன்.

அடுத்தது நோக்கத்துக்கு ஏற்ற அமைப்பு. 2020-இல் வந்த என்விடியா நூலகத்தின் பத்தாம் பதிப்பிலிருந்து முன்னமைவுகள் பி1 முதல் பி7 வரை என்று மாறிவிட்டன. அவற்றோடு தரம் முக்கியமா, தாமதம் குறைவது முக்கியமா என்ற நோக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய எடுத்துக்காட்டு நிரலைப் பார்த்து எழுதியவர்கள் இந்த இடத்தில்தான் 8-இல் மாட்டுகிறார்கள். நொடிக்கு எத்தனை பிரேம் (தனிப்படம்) என்பதன் பகுதி எண் சுழியமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வந்தால், முன்னமைவு தரும் மதிப்புகளில் கை வைக்காமல் அப்படியே தொடங்குங்கள். ஓடினால் உங்கள் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் காரணம். கடைசிப் பிழையின் விளக்கத்தைச் சொற்களாகத் தரும் அழைப்பு ஒன்றும் அந்த நூலகத்திலேயே இருக்கிறது. அதை அழைத்துப் பார்த்தவர் என்னிடம் வந்தவர்களில் மிகச் சிலர்.

தேவிபட்டினம்: 'நினைவகம் போதவில்லை', எண் 10. கார்டில் 8 ஜி.பி. இருக்கிறது, 6 ஜி.பி. காலி. எப்படிப் போதாமல் போகும்?

நினைவகத்தைப் பார்க்காதீர்கள். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் வகைக் கார்டுகளில் ஒரே நேரத்தில் எத்தனை என்கோடர் அமர்வுகள் (சுருக்கும் வேலைகள்) திறக்கலாம் என்பதற்கு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரே வரம்பு வைத்திருக்கிறது. 2020-இல் அது 3 ஆனது, 2023-இல் 5, 2024-இல் 8. வரம்பைத் தாண்டித் திறந்தால் வருவது இந்த 10. உங்களிடம் இருப்பது இரண்டே கேமரா என்றால், பிழை வந்த பாதையில் அமர்வை மூடாமலே மறுபடி திறக்கிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு மறுமுயற்சியும் ஒரு இடத்தைத் தின்றுவிடுகிறது. மூடும் அழைப்பை எல்லா வெளியேறும் வழிகளிலும் வையுங்கள்.

பாம்பன்: பிழையே இல்லை. ஆனால் படத்தின் அடியில் பச்சைப் பட்டை. அகலத்தை மாற்றினால் படம் முழுக்கச் சாய்ந்துவிடுகிறது.

பிழை எண் வராத பிழைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஓலைப்பாய் முடைபவர்களுக்கு இது உடனே புரியும்: ஒவ்வொரு வரியிலும் ஒரு கண்ணி தள்ளிப்போனால் பாயின் கோலம் முழுவதும் சாய்ந்துவிடும். நீங்கள் ஒரு வரிக்கு இத்தனை பைட் என்று நினைக்கிறீர்கள். டிரைவர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறது. ஆகவே அகலத்தை வைத்துக் கணக்கிடாமல், டிரைவர் தரும் வரி நீளத்தைக் கேட்டு வாங்கி, வரி வரியாக நகலெடுங்கள்.

பச்சைப் பட்டையும் இதே குடும்பம்தான். எச்.264 என்ற சுருக்கும் முறை படத்தை 16-க்கு 16 கட்டங்களாகப் பிரிக்கிறது. 1080 பதினாறால் வகுபடாது. ஆகவே உள்ளே 1088 வரிகள் இருக்கும். ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் என்வி12 வடிவத்தில் 1920-க்கு 1080 படம் 31,10,400 பைட். நிறத்தகவல் 1080-ஆவது வரிக்குப் பின் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதி, டிரைவர் 1088-க்குப் பின் தேடினால், எட்டு வரி இடம் மாறிப்போகும். நிறத்தகவலில் வெறும் சுழியம் இருந்தால் கண்ணுக்குத் தெரிவது பச்சை.

ஏர்வாடி: எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நூலகத்தில் பிரேம் அனுப்பும்போது -11 வருகிறது. டிரைவரை மூன்று முறை அழித்து நிறுவிவிட்டேன்.

டிரைவரை விட்டுவிடுங்கள். லினக்ஸில் -11 என்பது 'பிறகு வா' என்ற செய்தி, பிழை அன்று. உள்ளே நிரம்பிவிட்டது, முதலில் பாக்கெட்டுகளை (சுருக்கி முடிந்த துண்டுகளை) வாங்கி வெளியே எடுங்கள், பிறகு அதே பிரேமை மறுபடி அனுப்புங்கள். பாக்கெட் கேட்கும்போது -11 வந்தால் அடுத்த பிரேமைக் கொடுங்கள். கடைசியில் வெற்றுப் பிரேம் ஒன்றை அனுப்பினால்தான் உள்ளே தங்கிய படங்கள் வெளியே வரும்.

உச்சிப்புளி: -11 வருகிறது, என்ன செய்வது?

மேலே ஏர்வாடிக்கு எழுதியிருக்கிறேன்.

பெரியபட்டினம்: ரூட் பயனராக ஓடுகிறது, சாதாரணப் பயனராக ஓடவில்லை. இன்டெல் சிப், லினக்ஸ்.

வரைகலைச் சிப்பைப் பயன்படுத்த அனுமதி உள்ள ரெண்டர் குழுவில் உங்கள் பயனரைச் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். ரூட்டாகவே ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

தொண்டி: ராஸ்பெர்ரி பை 4 சிறு கணினியில் நன்றாக ஓடிய நிரலைப் பை 5-க்கு மாற்றினேன். 'தகுந்த சாதனம் இல்லை' என்கிறது.

2023-இல் வந்த பை 5-இல் எச்.264 வன்பொருள் என்கோடரே இல்லை. அது சொல்வது முழு உண்மை. மென்பொருள் என்கோடருக்கு மாறுங்கள், அல்லது பை 4-க்குத் திரும்புங்கள்.

மண்டபம், நீரடிப் படம் எடுப்பவர்: திரும்ப வேண்டாம் என்பேன். கடற்புல்லை எண்ணுவதற்காகப் படம் எடுக்கிறேன். வன்பொருள் என்கோடர் இலைகளையெல்லாம் ஒரே பச்சைச் சேறாக்கிவிடுகிறது. மென்பொருள்தான் சரி.

ராமேஸ்வரம், படகுக்காரர்: அவருக்குக் கரையில் மின்சாரம் இருக்கிறது. என் வல்லத்தில் ஒரே ஒரு பேட்டரி. காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் நான்கு கோர்களும் முழு வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று அண்ணன் சொல்லட்டும்.

மண்டபம்: பேட்டரியை இரண்டாக்கலாம். எண்ண முடியாத படத்தை வைத்து என்ன செய்வது?

இருவரும் சொல்வது எனக்குத் தெரிந்த வலிதான்; ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். என்கோடர் பிட்டுகளை மிச்சப்படுத்துவது முந்தைய படத்திலிருந்து அடுத்ததை ஊகிப்பதால். கலங்கிய நீரில் மிதக்கும் துகள்களை எதனாலும் ஊகிக்க முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும், வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும் கலங்கும்போது, பிட்டுகளையெல்லாம் துகள்கள் தின்றுவிடும். இலைக்கு மிச்சம் இருக்காது. மண்டபத்தார் கண்டது இதைத்தான். ஒரே பிட் அளவில் (நொடிக்கு இத்தனை பிட் என்ற கணக்கில்) நல்ல மென்பொருள் என்கோடர் கூடுதல் விவரம் காக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதற்காகப் படகில் மென்பொருளை ஓட்டச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மூடிய பெட்டி சூடானால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பிரேம்கள் உதிரும். உதிர்ந்த பிரேமில் இருந்த புல்லை எந்த என்கோடரும் திருப்பித் தராது. படகில் வன்பொருளையே வைத்துக்கொண்டு பிட் அளவை மூன்று மடங்காக்கி அட்டையில் எழுதுங்கள். சேமிப்பு அட்டை பேட்டரியை விட மலிவு. கரைக்கு வந்தபின் வேண்டுமானால் மென்பொருளால் சுருக்குங்கள்.

மண்டபம்: மூன்று மடங்கு போதுமா?

உங்கள் நீரில் பத்து நிமிடம் எடுத்து, இலைகளை எண்ணிப் பாருங்கள். எண்ண முடியவில்லை என்றால் இன்னும் கூட்டுங்கள்.

திருப்புல்லாணி: ஆண்ட்ராய்டில் செய்தியே இல்லாத விதிவிலக்கு (எக்செப்ஷன்) வருகிறது.

அழைப்புகளின் வரிசை தவறியிருக்கும். தொடங்குவதற்கு முன்பே, அல்லது நிறுத்திய பிறகு, படத்தைக் கொடுக்கிறீர்கள். கோடெக்குக்கே, அதாவது ஆண்ட்ராய்டின் என்கோடருக்கே, உரிய விதிவிலக்கைத் தனியாகப் பிடித்தால் அதிலிருந்து கண்டறிதல் தகவலை எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வலையில் பிடித்து விழுங்கிவிடும் நிரலை எழுதாதீர்கள். நிற வடிவமும் போனுக்குப் போன் மாறும். முடிந்தால், நிற வடிவத்தை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும் சர்ஃபேஸ் வழியாகக் கொடுங்கள்.

முதுகுளத்தூர்: வாட்ஸ்அப்பில் வீடியோ தெளிவில்லாமல் போகிறது.

அது என் துறை இல்லை, ஐயா. போன் பழுது பார்ப்பவரைக் கேளுங்கள்.

சாயல்குடி: பிழை வருகிறது, உதவுங்கள்.

எண்? எந்த அழைப்பு? எந்தச் சிப்? மூன்றும் இல்லாமல் நான் எதைப் பார்ப்பேன்?

தொண்டி: அண்ணே, பை 4-க்குத் திரும்பிவிட்டேன். என்கோடரான எண் 11 வீடியோ சாதனம் பட்டியலில் தெரிகிறது. ஆனாலும் தொடங்கும்போதே நிற்கிறது. கேமரா 2304-க்கு 1296 தருகிறது.

இதில் எல்லாத் தகவலும் இருக்கிறது, நன்றி. பை 4-இன் என்கோடர் 1920-க்கு 1080 வரைதான் ஏற்கும். கேமராவையே அந்த அளவுக்கு இறக்குங்கள், ஓடும்.