ஏர்பேக் பார்சல்: பெட்டியைப் பிரித்தவர்களும் பிரிக்கப்போகிறவர்களும்

இந்த முறை தபாலில் பாதிக்கு மேல் ஏர்பேக்கையும், மோதலின்போது சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரீடென்ஷனரையும் சரக்காக அனுப்பும் சமாச்சாரம்தான். சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். கேள்வி அனுப்புகிறவர்கள் பொருளின் யூ.என். எண்ணையாவது (அபாயச் சரக்குக்கு ஐ.நா. தரும் நாலு இலக்க எண்) எழுதுங்கள். "ஒரு வண்டிச் சாமான் அனுப்ப வேண்டும்" என்று தொடங்கும் கடிதங்களைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கே: ஏர்பேக் மாட்யூல் (பையும் அதை ஊதும் இன்ஃப்ளேட்டரும் சேர்ந்த தொகுதி) வகுப்பு 1-இல் (வெடிபொருள்) வருமா, 9-இல் (இதர அபாயச் சரக்கு) வருமா? ஒரே வரியில் சொல்லவும்.

ப: சோதனை அறிக்கை சொல்வதுதான் பதில். யூ.என். 3268 என்றால் வகுப்பு 9, யூ.என். 0503 என்றால் வகுப்பு 1-இல் 1.4ஜி பிரிவு.

கே: எங்கள் மென்பொருள் "ஏர்பேக் மாட்யூல்ஸ், பேக்கிங் குரூப் III" என்று டிக்ளரேஷனில் அச்சிடுகிறது. இது போதுமா?

ப: போதாது. 2015 வாக்கிலேயே பெயர் "சேஃப்டி டிவைசஸ், எலெக்ட்ரிக்கலி இனிஷியேட்டட்" என்று மாறிவிட்டது. பேக்கிங் குரூப்பையும் (அபாயத்தின் அளவைக் காட்டும் வகை) ஆவணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் பெட்டி குரூப் III தரத்திலாவது தேறியிருக்க வேண்டும், அதன் யூ.என். குறியில் அந்தத் தரத்தைக் காட்டும் இசட் எழுத்தாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: தயாரிப்பாளரிடமிருந்து ஒன்றொன்றாகப் பெட்டியில் வந்த 40 மாட்யூல்களை, இடம் மிச்சமாகட்டும் என்று எட்டெட்டாகப் பெரிய பெட்டிகளில் மாற்றினோம். யூ.என். குறி உள்ள பெட்டிகள்தான். சோதனைச் சான்றும் கையில் இருக்கிறது. விமான நிறுவனம் ஏன் மறுக்கிறது?

ப: அவர்கள் மறுத்ததுதான் சரி. இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன்: பெட்டியை மாற்றினால் சான்று உங்களுடையது அல்ல.

உள்ளே இருப்பது வெடிபொருள் வகையைச் சேர்ந்த சரக்கு என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது வகுப்பு 1-ஐ விட்டு வகுப்பு 9-க்கு வருவதற்கு ஐ.நா. மாதிரி விதிகளின் சிறப்பு விதி 280 ஒரு வழி விட்டிருக்கிறது. பயணத்துக்கு எந்த நிலையில் ஒப்படைக்கப்படுகிறதோ அதே நிலையில் 6(சி) சோதனையில் தேற வேண்டும் என்பதுதான் அந்த வழி. அந்தச் சோதனையை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் பெட்டியில் கை வைக்க மாட்டார்கள். சரக்குப் பெட்டிகளை அடுக்கி, அரை மணி நேரமாவது எரியக்கூடிய தீயில் போடுகிறார்கள். நாலு மீட்டர் தள்ளி அலுமினியத் தகடுகள் செங்குத்தாக நிற்கும். சாதனம் வெடித்ததா, உறையோ அழுத்தக் கலமோ சிதறியதா, ஏதாவது பறந்து வந்து தகட்டில் பட்டதா, தீயணைப்பவர்கள் கிட்டே போக முடியாத அளவுக்கு வெப்பம் வீசியதா என்றெல்லாம் பார்ப்பார்கள். எதுவும் நடக்காவிட்டால்தான் 3268.

அந்தத் தீயில் எரிந்தது தயாரிப்பாளரின் பெட்டி. அதில் ஒரு மாட்யூல், அதற்கென்று வெட்டிய பள்ளத்தில், முகம் மேலே பார்த்தபடி இருந்தது. உங்கள் பெட்டியில் எட்டு இருக்கின்றன. ஒன்று தீப்பிடித்தால் அடுத்தது என்ன செய்யும் என்று யாரும் எரித்துப் பார்க்கவில்லை. அண்ணன் வாங்கிய பட்டத்தைத் தம்பி தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது போலத்தான் இது. பெட்டியில் யூ.என். குறி இருக்கிறதே என்கிறீர்கள். கீழே விழுந்தால் தாங்கும், மேலே அடுக்கினால் தாங்கும் என்பதற்கான குறி அது. தீயில் என்ன ஆகும் என்பதற்கு அது பொறுப்பில்லை.

இன்னொன்று. பயணிகள் விமானத்தில் ஒரு பொதிக்கு 25 கிலோ, சரக்கு விமானத்தில் 100 கிலோ என்ற வரம்பு இருக்கிறது. அந்த எடைக்குள் அடங்கிவிட்டதால் மட்டும் எட்டை ஒன்றாகக் கட்டலாம் என்று ஆகிவிடாது. பழைய பெட்டிகளைக் குப்பையில் போட்டிருந்தால் தயாரிப்பாளரிடம் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

கே: ஒரே ஒரு பிரீடென்ஷனர். "லிமிட்டெட் குவான்டிட்டி" (சிறு அளவுக்கான விதிச் சலுகை) என்று ஒட்டி அனுப்பலாமா?

ப: 3268-க்கு அந்தச் சலுகை பூஜ்யம்.

கே: பயணப் பெட்டியில் எடுத்துப் போகலாமா? சின்னதுதான்.

ப: கூடாது. சர்வதேசத் தபாலிலும் கூடாது.

கே: ஏர்பேக் பொருத்திய ஸ்டீயரிங் காலம் முழுதாக அனுப்புகிறோம். இதற்கும் இதே தொல்லையா?

ப: இல்லை. வண்டியிலோ, ஸ்டீயரிங் காலம், கதவுப் பலகை, இருக்கை போன்ற முழுமையான பாகத்திலோ பொருத்தப்பட்டிருந்தால் சிறப்பு விதி 289 விலக்களிக்கிறது. விமானத்தில் என்றால் தானாக இயங்கிவிடாதபடி இருக்க வேண்டும். ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டு) "நாட் ரெஸ்ட்ரிக்டெட்" என்றும், விமான விதிகளில் இந்த விலக்கின் எண்ணான ஏ32 என்றும் எழுத வேண்டும். மாட்யூலைக் கழற்றி அதே பெட்டியில் பக்கத்தில் வைத்துவிட்டு "முழுப் பாகம்தான்" என்று சாதிக்காதீர்கள். கழன்றது கழன்றதுதான்.

கே: விபத்தில் விரிந்துவிட்ட ஏர்பேக்குக்கு விதி உண்டா?

ப: முழுதும் எரிந்து முடிந்ததென்றால் அதில் அபாயச் சரக்கு எதுவும் மிச்சமில்லை. ஆனால் பை தொங்குகிறதே என்று நம்பிவிடாதீர்கள். முன்பக்க ஏர்பேக்குகளில் இரண்டு கட்ட இன்ஃப்ளேட்டர் சாதாரணம். மெதுவான மோதலில் முதல் கட்டம் மட்டும் சுட்டிருக்கலாம். பின்பக்கம் இரண்டு கனெக்டர் இருந்தால் இரண்டாவது கட்டம் உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: உயிரோடு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடலாமே?

ப: தொடாதீர்கள்! தயாரிப்பாளர்களின் கையேடுகள் இதைத்தான் முதலில் தடுக்கின்றன. இன்ஃப்ளேட்டரின் தீமூட்டியான ஸ்க்விப்புக்குள் இருப்பது, மின்சாரத்தில் சூடாகி மருந்தைப் பற்றவைக்கும் மெல்லிய கம்பி. கனெக்டரைக் கழற்றியதும் ஒரு சிறு உலோகப் பட்டை இரண்டு முனைகளையும் இணைத்துவிடும்படி வைத்திருப்பதே, நிலைமின்சாரம்கூட அதைச் சீண்டக் கூடாது என்பதற்காகத்தான். மீட்டரின் முள்ளை உள்ளே செலுத்துகிறவர் அந்தப் பட்டையை ஒதுக்கித் தள்ளுகிறார்.

கே: மின்சார வண்டியின் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் பைரோ ஃபியூஸ். இது வெறும் ஃபியூஸ்தானே?

ப: பெயரிலேயே பைரோ, அதாவது தீ, இருக்கிறது, பிறகும் கேட்கிறீர்கள். 280-ஆம் விதி பைரோமெக்கானிக்கல் சாதனங்களையும் சொல்கிறது. பானெட்டைத் தூக்கிவிடும் ஆக்சுவேட்டரும் இதே கணக்குத்தான். தயாரிப்பாளரின் வகைப்பாட்டுத் தாளை வாங்கிப் பாருங்கள்.

கே: அமெரிக்காவில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய நல்ல மாட்யூல்களை விற்கிறோம். மூலப் பெட்டி கிடைக்காதே?

ப: அதற்காகவே அங்கே கூட்டாட்சி விதித் தொகுப்பின் 49 சி.எஃப்.ஆர். 173.166-இல் தனி ஏற்பாடு இருக்கிறது. ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு சாதனம், அசையாதபடி மெத்தையிட்டுக் கட்ட வேண்டும், சரக்கு ஆவணத்தில் அடிப்படை விவரத்தை ஒட்டி "ரீசைக்கிள்டு" என்ற சொல் வர வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்தான் இது. ரீகாலில் (குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளர் திரும்பப் பெறுவது) வந்தவற்றை இதில் நுழைக்காதீர்கள். ஜப்பானிய நிறுவனமான டக்காட்டாவின் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போனதுதான் அந்த மாபெரும் ரீகாலுக்குக் காரணம். புதிதாக இருந்தபோது தேறிய சோதனை, கெட்டுப்போன பிறகு எப்படிச் செல்லும்?

கே: இன்ஃப்ளேட்டரைப் பிரித்து இனிஷியேட்டரையும் (தீமூட்டி) புரொப்பெல்லன்டையும் (எரிந்து வாயு தரும் மருந்து) தனித்தனியாக அனுப்பினால் விதி தளருமா?

ப: இறுகும். 3268 என்பது முழுச் சாதனத்துக்கு. தனி இனிஷியேட்டர் வகுப்பு 1-இல் இக்னைட்டர் வரிசைக்குப் போகும். புரொப்பெல்லன்டைத் தனியாகவே வகைப்படுத்த வேண்டும். 2016 ஆகஸ்டில் டெக்சாஸின் கெமாடோ ஊரில் இன்ஃப்ளேட்டர்களும் புரொப்பெல்லன்டும் ஏற்றிச் சென்ற லாரி விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்து வெடித்தது. பக்கத்து வீடு ஒன்று தரைமட்டமாகி, அதில் இருந்த பெண் இறந்தார். எதற்காகப் பிரிக்கிறீர்கள் என்று கடிதத்தில் சொல்லவில்லை. தயாரிப்பு எண்ணோடு மறுபடி எழுதுங்கள், அதுவரை எதையும் பிரிக்க வேண்டாம்.