வேலூர் வெயிலில் பச்சோந்தி வளர்த்து, குஞ்சு எடுத்துப் பெருக்க முடியுமா?

முடியும். கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: காட்பாடியில் மாடி வீடு, ஆணும் பெண்ணுமாக 2 ஏமன் பச்சோந்தி (விற்பவர்கள் 'வெயில்டு' என்பார்கள்), இரண்டைப் பத்தாக்க ஆசை, சித்திரையை நினைத்தால் பயம். பகல் வெயிலைச் சமாளித்துவிடலாம். இந்த ஊரில் பச்சோந்தியின் ஆயுளைக் குறைப்பது ராத்திரிப் புழுக்கம்.

ஏமன் மலைச்சரிவுகளில் பகல் 30 டிகிரி என்றால் இரவு 20-க்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில்தான் அதன் உடம்பு ஓய்கிறது. இரவிலும் 28, 29 என்றே இருந்தால் அடுப்பு அணையாமல் எரிகிற மாதிரி. எப்போதும் பசி, எப்போதும் தீனி, வேகமான வளர்ச்சி. பெண்ணாக இருந்தால் ஒரு ஈட்டுக்கு 70, 80 முட்டை. பார்க்கிறவர்களுக்கு நன்றாக வளர்வதாகத் தோன்றும். இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்து போகும். நிதானமாக வளர்த்தால் பெண் 5 வருடம், ஆண் 7 வருடம் போலத் தாக்குப்பிடிக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த வேகத்தைக் குறைக்கும் வழிகள்தான்.

முதலில் சட்டம். நம் புதர்க்காடுகளில் ஆடி ஆடி நடக்கும் நாட்டுப் பச்சோந்தி, பச்சோணான் என்பது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. ஒன்றைக்கூடப் பிடித்து வைக்கக் கூடாது. சாலையில் பார்த்தால் கடக்கும் வரை வண்டியை நிறுத்துங்கள், போதும். (வேலியில் கழுத்து சிவந்து தலையாட்டுவது ஓணான். அது வேறு.) வெளிநாட்டு இனமான உங்கள் ஜோடி அதே சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வருகிறது. 2024-ல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் அதில் தெரிவிக்க வேண்டும். வாங்கிய ரசீதில்லாத ஜோடியை வைத்துப் பெருக்கத் தொடங்காதீர்கள்.

கூண்டு ஒவ்வொன்றுக்கும் தனி. நீளம் 60, அகலம் 60, உயரம் 120 சென்டிமீட்டர், காற்றோட்டமான வலைக்கூண்டு. கண்ணாடித் தொட்டி இந்த ஊருக்கு ஆகாது. கொசுவலை நைலானைத் தீனிப்பூச்சி கடித்து ஓட்டை போட்டுவிடும், முரட்டுக் கம்பிவலையில் நகமும் நாக்கும் மாட்டும். பூச்சுப் பூசிய மெல்லிய உலோக வலைதான் சரி. இரண்டு கூண்டுக்கும் நடுவே மறைப்பு வேண்டும். ஒன்றை ஒன்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டுமே தீனி குறைத்துவிடும். கிளைக்குக் கொய்யா நல்லது, விரல் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம் வரை கலந்து கட்டுங்கள். செடிக்கு மணிபிளாண்ட், செம்பருத்தி. ஏமன் இனம் இலையையும் கடித்துத் தின்னும், அதனால் அரளி, எருக்கு பக்கத்திலேயே வரக் கூடாது. நர்சரியில் வாங்கிய செடியை இலை இலையாகக் கழுவி, ஒரு மாதம் வெளியில் வைத்திருந்து பிறகு உள்ளே எடுங்கள். மருந்தடித்த இலையால் வரும் சாவுக்குக் காரணமே தெரியாமல் போகும்.

இடம் மாடியறை வேண்டாம். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் நடுராத்திரி வரை அனலைக் கக்கும். கீழ்த்தளத்தில் வடக்கு பார்த்த அறை இருந்தால் அதை ஒதுக்குங்கள். பங்குனி முதல் ஆவணி வரை இரவு 9 மணியிலிருந்து விடியும் வரை ஏசி 23, 24-ல் ஓட வேண்டும், காற்று நேராகக் கூண்டில் அடிக்காமல். கரண்ட் போனால் ஜன்னலில் நனைத்த கோணி, அதன் பக்கம் இன்வெர்ட்டரில் ஒரு மின்விசிறி, கூண்டைத் தரையில் இறக்குவது. வெளிறிப்போய் வாயைத் திறந்தபடி இருந்தால் சூடு ஏறிவிட்டது. நிழலுக்கு மாற்றி, அறைச்சூட்டில் உள்ள தண்ணீரை மெல்லத் தூவுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

குளிர்காயும் பல்பு மார்கழி, தையில் காலை இரண்டு மூன்று மணி நேரம் போதும். 40 வாட், உச்சிக்கிளைக்கு 25 சென்டிமீட்டர் மேலே. சூட்டைக் கிளையில் அளக்காமல், தலைக்கொண்டை நிற்கும் உயரத்தில் அளந்து பாருங்கள்: ஆணுக்கு 29 முதல் 31, பெண்ணுக்கு 27-ஐத் தாண்ட வேண்டாம். கோடையில் அறையே 32 இருக்கும்போது பல்பு எதற்கு? அணைத்துவிடுங்கள். புற ஊதா ஒளிக்கு நீளக்குழாய் டி5 விளக்கு, 6 சதவீத வகை, 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெளிச்சம் குறையாமல் எரிந்துகொண்டே இருக்கும், புற ஊதா மட்டும் தீர்ந்து போயிருக்கும். இதோடு நம் ஊர்க் காலை வெயில் இலவசம்: 7 முதல் 8 மணி வரை, பாதி நிழலுள்ள வலைக்கூண்டில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது. இலைச்சொட்டைத்தான் நக்கும். விடியுமுன் 2 நிமிடம், விளக்கணைந்த பின் 2 நிமிடம் தூவல். பிற்பகலில் சொட்டு. சொட்டுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் புது டிரிப்ஸ் செட் போதும், உருளையைத் திருகி நொடிக்கு ஒரு சொட்டாக வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். இங்கே உப்பு அதிகம், தூவல் முனை இரண்டு வாரத்தில் அடைக்கும், இலையெல்லாம் வெள்ளை படியும். ஆர்ஓ தண்ணீர்தான். புகைமூட்டும் கருவியைப் பகல் புழுக்கத்தில் ஓட்டுகிறவர்களும் உண்டு. சூடும் ஈரமும் தேங்கிய காற்றில் நுரையீரல் தொற்று வரும். தண்ணீர் போதுகிறதா என்பதை எச்சம் சொல்லும். அதிலுள்ள கெட்டியான பகுதி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், ஆரஞ்சு ஏறினால் வறட்சி.

தீனியில்தான் பாசம் காட்டிக் கெடுக்கிறோம். நாக்கு பாய்வதைப் பார்க்கும் ஆசையில் ஒன்று, இன்னொன்று என்று கொடுத்துவிடுவோம். வளர்ந்த ஆணுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் 4, 5 பூச்சி. ஒரு வயது நிறைந்த பெண்ணுக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு 3. இதற்கு மேல் போனால் அத்தனையும் முட்டையாகும். சமையல் தராசில் வாரம் ஒருமுறை கிராம் கணக்கில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாததை அந்த நோட்டு முதலில் காட்டும்.

பூச்சியை வீட்டிலேயே பெருக்கலாம். வேலூர்ச் சூடு சுவர்க்கோழிப் பூச்சிக்கு அமிர்தம். 60 லிட்டர் டப், மூடியில் வலை, உள்ளே முட்டை அட்டைகள், முட்டையிட ஈரத் தென்னைநார்த்தூள் ஒரு கிண்ணம். தண்ணீருக்கு நனைத்த பஞ்சு, கிண்ணத்தில் ஊற்றினால் மூழ்கிச் சாகும். கொடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரம் பூச்சிக்கு முருங்கைக்கீரை, பூசணி, கேரட் போடுங்கள். பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வைட்டமின் டி3 இல்லாத கால்சியப் பொடி ஒவ்வொரு வேளையும், டி3 உள்ள பல்வைட்டமின் மாதம் இரண்டு தடவை. இது தவறினால் முன்கால் வளையும், தாடை ரப்பராகும், நாக்கு குறி தவறும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர் தெரிந்தால் இளம் புழு வாங்கிக்கொள்ளுங்கள், முட்டையிட்டு மெலிந்த பெண்ணை அதைப்போலத் தேற்றுவது வேறில்லை. மின்மினி மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது, ஒன்றே உயிரெடுக்கும்.

இனி ஜோடி சேர்ப்பது. பெண்ணுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் நீலப்பச்சைப் புள்ளி தெளிந்தால் தயார். பெண்ணை ஆணின் கூண்டில் விட்டு, அறையை விட்டுப் போகாமல் கவனியுங்கள். ஆண் உடம்பைத் தட்டையாக்கி, வாலைச் சுருட்டி, தலையை உலுக்கிக்கொண்டு வரும். சில நொடிகளில் மேனி முழுதும் மஞ்சளும் பச்சையும் கொதித்து எழும். அந்த நிறம் வருவது எப்படி என்று 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் பாந்தர் பச்சோந்தியில் காட்டினார்கள்: தோலுக்குள் குவானைன் நுண்படிகங்கள் அடுக்காக இருக்கின்றன. நிம்மதியில் நெருங்கி நின்று நீலத்தைத் திருப்பும், மேலுள்ள மஞ்சளோடு சேர்ந்து பச்சை. கிளர்ச்சியில் அடுக்கு அகன்று மஞ்சள், சிவப்பு. சாயம் மாறுவதில்லை, இடைவெளிதான் மாறுகிறது. தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் அழகு. பெண் கறுத்து, வாய் பிளந்து சீறினால் உடனே எடுத்துவிடுங்கள், இன்றைக்கு வேண்டாம் என்கிறது.

சேர்ந்தபின் 20 முதல் 30 நாளில் முட்டை. முட்டையிடும் வாளி அதற்கு முன்பே கூண்டில் இருக்க வேண்டும். சொல்லப்போனால் எப்போதும் இருக்க வேண்டும்: ஆணையே பார்க்காத பெண்ணும் முட்டையிடும், ஒரு சேர்க்கைக்கு இரண்டு ஈடு இடுவதும் உண்டு. வெளிச்சம் ஊடுருவாத புது வாளி, 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கழுவிய ஆற்று மணல். எம்-சாண்ட் கூர்மையானது, வேண்டாம். ஈரம் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். விரல் விட்டுச் சுரங்கம் தோண்டிப் பாருங்கள், சரிந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். அது தோண்டத் தொடங்கியதும் கூண்டைத் துணியால் மூடிவிட்டு விலகுங்கள். எட்டிப் பார்த்தது தெரிந்தால் குழியை விட்டு ஏறிவிடும், அடக்கிய முட்டை உள்ளேயே தங்கிவிடும். பகலில் கண்மூடித் தரையில் கிடப்பது, பிடி தளர்வது இரண்டும் முட்டை அடைப்பின் அறிகுறி. ஒரு நாள்கூடத் தள்ளாமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். உள்ளூரில் அமையவில்லை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எந்த மாதம் சேர்ப்பது? மாசி. பங்குனியில் முட்டை வந்துவிடும், கத்திரி வெயிலுக்குள் பெண் தேறிவிடும். முட்டை 24, 25 டிகிரியில் எட்டு மாதம் முன்பின் ஆகும், குஞ்சு கார்த்திகை மார்கழியில் வரும். குஞ்சு தாங்காத கோடையைப் பெட்டிக்குள் முட்டையாகவே கழித்துவிடுகிறோம். ஒரு அறையைக் குளிர்விப்பதைவிட ஒரு பெட்டியைக் குளிர்விப்பது எளிது. பழைய சிறு ஃபிரிட்ஜில் வெளி தெர்மோஸ்டாட் மாட்டி 25-ல் நிறுத்தலாம். 29, 30-ல் வைத்தால் சீக்கிரம் பொரிக்கும், குஞ்சு சிறுத்து, வலுவில்லாமல் இருக்கும்.

மாடித்தோட்டக் கடை வெர்மிகுலைட் 100 கிராமுக்குத் தண்ணீர் 100 கிராம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, முட்டையைப் பாதி புதைத்து, 2 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். எடுத்த வாக்கிலேயே வைக்க வேண்டும், உருட்டக் கூடாது. மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி. டப்பாவை மூடியோடு நிறுத்து எடையை மூடியில் எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை நிறுத்து, குறைந்த அளவு தண்ணீரை ஓரமாக விடுங்கள், முட்டைமேல் படாமல். வாரம் ஒருமுறை திறந்து காற்று விட்டால் போதும். மஞ்சளாகிப் பூசணம் பிடித்தது கருவில்லாதது, எடுத்துவிடலாம்.

கடைசி நாட்களில் முட்டை வியர்க்கும். வெள்ளை ஓட்டில் முத்து முத்தாக நீர், மறுநாள் நட்சத்திர வடிவில் கீறல், அதில் ஒரு மூக்கு. மூக்கை வெளியே நீட்டியபடி அரை நாள் அப்படியே இருக்கும். இழுக்காதீர்கள், உள்ளே மஞ்சள்கரு இன்னும் உறிஞ்சப்படுகிறது. வந்த குஞ்சு வாலோடு சேர்த்து உங்கள் விரல் நீளம்தான், ஆனால் கண் தனித்தனியாகச் சுழலும், வால் ஈர்க்குச்சியைச் சுற்றிப் பிடிக்கும். பின்காலைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்: குதிகாலில் சின்னக் குமிழ் இருந்தால் ஆண்.

ஒரு வலைப்பெட்டிக்கு 8, 10-க்கு மேல் விடாதீர்கள். முதல் வாரங்களில் பறக்காத பழ ஈ, பொடிச் சுவர்க்கோழி, தினமும் இரண்டு வேளை. பழ ஈக்கு வாழைப்பழம், வெல்லம், ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்ட பாட்டில் வாரம் ஒன்று புதிதாகத் தொடங்க வேண்டும், ஒன்று கெட்டால் அடுத்தது கைகொடுக்கும். ஒன்றின் வாலை இன்னொன்று கடிக்கத் தொடங்கினாலோ, ஒன்று மட்டும் மூலையில் கறுத்து நின்றாலோ பிரிக்கும் நேரம். மூன்று மாதத்தில் எல்லாமே தனித்தனி.

இங்கேதான் கணக்கு போட வேண்டும். 40 குஞ்சு என்றால் மூன்றாம் மாதம் 40 கூண்டு. 10 கூண்டுக்குத்தான் இடமும் பணமும் என்றால் 12 முட்டையை மட்டும் வையுங்கள், மற்றவற்றை முதல் நாளே உறையவைத்துவிடுங்கள். கடினமாகத் தோன்றும், ஆனால் நெரிசலில் 30 குஞ்சு சாவதைவிட இது இரக்கம். மிஞ்சியதைத் தோப்பில் விடுவது மட்டும் எந்நாளும் வேண்டாம். ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் இதே இனம் தப்பிப் பெருகித் தொல்லையாகியிருக்கிறது.

புதிதாக வாங்குவதைத் தனி அறையில் 60 நாள் வைத்து, எச்சத்தைப் பரிசோதித்துவிட்டுச் சேருங்கள். அடுத்த இனமாகப் பாந்தர் எடுக்க, ஏமன் ஜோடியில் இரண்டு ஈடாவது பொரித்து வளர்ந்திருக்க வேண்டும். ஜாக்சன் கென்யா மலைக்குளிர் இனம், கீழ்நாட்டில் வேண்டாம். ஏலகிரியில் வீடிருந்தால் யோசிக்கலாம். உங்கள் பெண்ணுக்கு இப்போது என்ன எடை, என்ன வயது என்று எழுதுங்கள், வரும் மாசிக்குத் தயாரா என்று பார்த்துச் சொல்லலாம்.