நெல்லையில் இருந்துகொண்டு இம்ப்ராவ், காமெடி வகுப்புக்குப் போவது வீண் வேலையா?

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறேன், வயது 26. நண்பர்கள் மத்தியில் நான்தான் காமெடியன். மேடையேற ஆசை. இம்ப்ராவ், ஸ்டாண்ட்அப் வகுப்புகளில் என்ன சொல்லித் தருவார்கள்? காசு கொடுத்துப் படிக்கிற விஷயமா இது?

பதில்:

"நண்பர்கள் மத்தியில் நான்தான் காமெடியன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த நினைப்பில்தான் போனேன். முதல் நாளே என்னை மாட்டிவிட்டது அந்த நினைப்புதான்.

நெல்லை வண்ணாரப்பேட்டையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து ராத்திரி வரை கவுண்டரில் நின்று பேசுகிற பிழைப்பு. "அண்ணாச்சி, நீங்க டிவியில இருக்க வேண்டிய ஆளு" என்று மெக்கானிக் பையன்கள் ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையில் நடந்த இரண்டு நாள் இம்ப்ராவ் பட்டறை ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டேன். வீட்டில் டீலர் மீட்டிங் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். 600 கிலோமீட்டருக்கு மேல் போய் விளையாடப் போகிறேன் என்று சொன்னால் யார் விடுவார்கள்?

முதலில் ஒரு விஷயம். இம்ப்ராவும் ஸ்டாண்ட்அப்பும் ஒன்று இல்லை. இம்ப்ராவில் எழுதி வைத்த வசனமே கிடையாது. பார்க்க வந்தவர்களிடம் ஒரு சொல் கேட்பார்கள், 'குடை' என்பார்கள், அதை வைத்து அங்கேயே இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு காட்சியை நடித்துவிட வேண்டும். ஸ்டாண்ட்அப்பில் நீங்கள் தனி ஆள். மாதக் கணக்கில் எழுதித் திருத்திய ஐந்து நிமிஷத்தை, இப்போதுதான் வாயில் வந்த மாதிரி பேச வேண்டும். இரண்டுக்கும் வகுப்பு உண்டு. ஒன்றில் சேர்ந்துவிட்டு இன்னொன்றை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பட்டறைக்கு வருவோம். முதல் காட்சியில் என்னோடு நின்றது ஒரு ஐ.டி. கம்பெனிப் பெண். கையில் ஏதோ வைத்திருக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, "அப்பா, தாத்தாவோட மூக்குக்கண்ணாடி கிடைச்சிருச்சுப்பா" என்றது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "யாருக்கு யாரும்மா அப்பா? நான் இன்ஸ்பெக்டர்" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் பார்த்தால் அந்தப் பெண் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறது. கண்ணாடி போச்சு, தாத்தா போச்சு, அப்பா போச்சு. எனக்கும் அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. பயிற்சியாளர் கை தட்டி நிறுத்தி, "சார், ஒரு சிரிப்புக்காக மூணு பேரைக் கொன்னுட்டீங்க" என்றார்.

எதிரில் இருப்பவர் சொன்னதை 'இல்லை' என்று தள்ளினால் காட்சி அங்கேயே நின்றுவிடும். 'ஆமாம்' என்று ஏற்று, அதன்மேல் உங்கள் பங்குக்கு ஒரு கல் வைத்தால்தான் சுவர் எழும்பும். இம்ப்ராவ் வகுப்பின் முதல் பாடம் எங்கே போனாலும் இதுதான்.

ரயிலில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது, இது சின்ன வயசிலேயே பார்த்ததாயிற்றே என்று. முக்கூடல் பக்கம் எங்கள் ஆச்சி ஊர். சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு நடக்கும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக்கொண்டு, கைலாசத்தில் பிள்ளை பிறந்த கதையை எடுப்பார். "பிள்ளை அழுகுது" என்பார். குடம் அடிக்கிறவர் வெறுமனே "ஆமா" போட்டுவிட்டு இருக்க மாட்டார். "ஆமா, பசிக்கும்லா!" என்பார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு புலவர் பிள்ளையைச் சுடுகாட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். கூட்டம் புலவரைத்தான் பார்க்கும். கதையை நகர்த்துகிறவர் குடக்காரர். வில்லுப்பாட்டைச் சென்னை வரைக்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் நம் சத்திரம் புதுக்குளத்துக்காரர்தான், 2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர். நம்மிடம் இல்லாத வித்தை ஒன்றுமில்லை. ஆனால் நாம் எல்லோருமே புலவராகப் பார்க்கிறோம், குடக்காரராக இருக்க ஆள் இல்லை. நண்பர்கள் மத்தியில் காமெடியனாக இருப்பவர்களுக்குக் குடக்காரர் வேலை சுத்தமாக வராது. எனக்கு வரவில்லை.

இந்தப் பயிற்சிகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வயோலா ஸ்போலின் என்ற அம்மா 1930களின் கடைசியில் சிகாகோவில், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தரப் போனார். பாடமாக எடுத்தால் ஏறவில்லை என்று எல்லாவற்றையும் விளையாட்டாக மாற்றினார். அவர் மகன் பால் சில்ஸ் மற்றவர்களோடு சேர்ந்து 1959இல் ஆரம்பித்ததுதான் செகண்ட் சிட்டி நாடகக் குழு. இன்னொரு பக்கம் லண்டனில் கீத் ஜான்ஸ்டன் தனியாக ஒரு வழி கண்டார், பின்னால் கனடாவின் கால்கரிக்குப் போய்விட்டார். குத்துச்சண்டை மாதிரி கூட்டம் கத்திக்கொண்டு பார்க்கிற மல்யுத்தத்தைப் பார்த்து, நாடகத்தையும் இப்படிப் போட்டியாக்கினால் என்ன என்று யோசித்தவர் அவர். இன்று எந்த ஊர் வகுப்பில் விளையாடினாலும் பாதி ஸ்போலினும் ஜான்ஸ்டனும் கொடுத்ததுதான்.

அதில் ஒரு விளையாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சொல்லாகக் கதை சொல்வது. சென்னையில் இதைப் பாதி இங்கிலீஷில்தான் விளையாடினோம். ஊருக்கு வந்து மொட்டைமாடியில் நாங்களே ஒரு குழு சேர்த்துத் தமிழில் விளையாடியபோதுதான் அதன் ருசியே தெரிந்தது. இங்கிலீஷில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும், ஆள் விழுந்தானா எழுந்தானா என்று சீக்கிரம் தெரிந்துவிடும். தமிழில் கடைசி ஆள் வாய் திறக்கும் வரை ஒன்றுமே தீர்மானம் இல்லை. அந்தக் குழுவில் ஒரு நாள் இப்படிப் போனது: "எங்க", "பெரியப்பா", "ராத்திரி", "கிணத்துல". கிணத்துல என்று சொன்ன மெக்கானிக் பையன் கண்ணைச் சிமிட்டுகிறான். அடுத்தது ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், 61 வயது. 'விழுந்தாரு' வரப்போகிறது என்று எல்லோரும் சிரிக்கத் தயாராக இருக்கிறோம். டீச்சர் சாதாரணமாக "குளிச்சாரு" என்றார். கிணற்றில் வேறென்ன செய்வார்கள்? அடுத்தவன் "இன்னும்" என்றான். அதற்கடுத்த பெண் "வரல" என்று முடித்தது. பத்து நிமிஷம் சிரிப்பு அடங்கவில்லை. இதில் யாருமே ஜோக் அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மனசில் முதலில் படுகிற சாதாரணச் சொல்லைச் சொன்னால் போதும் என்று ஜான்ஸ்டன் மாய்ந்து மாய்ந்து சொன்னது டீச்சருக்கு இயல்பாகவே வந்தது. எனக்கு இன்றைக்கும் வாய் 'விழுந்தாரு' என்றுதான் துடிக்கும்.

இன்னொரு விளையாட்டு சீட்டுக்கட்டை வைத்து. ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்து, தான் பார்க்காமல் நெற்றியில் பிடித்துக்கொள்ள வேண்டும். ராஜா வைத்திருப்பவரை மற்றவர்கள் ராஜாவாகவும், இரண்டு வைத்திருப்பவரை இரண்டாகவும் நடத்துவார்கள். தன் சீட்டு என்னவென்று அவரவர் கண்டுபிடிக்க வேண்டும். வெளியூரில் இதற்கு நேரம் பிடிக்கும். நம் ஊரில் "வாங்க", "வா", "வாலே" மூன்றிலேயே தெரிந்துவிடும். மேலே கீழே என்கிற இந்தக் கணக்குதான் பாதிக் காமெடிக்கு அடிப்படை. கவுண்டமணி உயரத்தில் நின்று அதட்டுவார், செந்தில் பணிவாகவே பேசி அவரைக் கவிழ்த்துவிடுவார்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக்காரராக ஒரு எச்சரிக்கை. காட்சி நடிக்கும்போது "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு" என்று வாய் தானாகப் போகும். அந்தக் கேள்வி இங்கே எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் குழுவில் முதல் மாதமே பேசி முடிவெடுத்துவிட்டோம், தெருப் பெயர் வராது, ஆளின் நிறம், உடம்பு வராது. சேருவதற்கு முன் பயிற்சியாளரிடம் இதை நேராகக் கேளுங்கள். "காமெடின்னா எல்லாம்தான் வரும்" என்று சிரித்து மழுப்பினால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

ஸ்டாண்ட்அப் கதைக்கு வருகிறேன். பட்டறை முடிந்து நாலு மாதம் கழித்து, சென்னையில் ஒரு காபிக் கடை மாடியில் ஓப்பன் மைக், அதாவது புது ஆட்களும் ஏறிப் பேசிப் பார்க்கிற மேடை. ஆளுக்கு 5 நிமிஷம், ஒரு நிமிஷம் பாக்கி இருக்கும்போது பின்னாலிருந்து லைட் காட்டுவார்கள். நான் லைட்டையே பார்க்கவில்லை, 2 நிமிஷம் 40 விநாடியில் சரக்கு தீர்ந்துவிட்டது. அல்வா ஜோக் மூன்று வைத்திருந்தேன். நெல்லைக்காரன் மேடையேறினாலே அல்வாதான் வரும் என்று சென்னைக்காரருக்குத் தெரியாதா என்ன? ஒரு சத்தம் இல்லை. ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சினிமாவில் வருகிற மாதிரி வரிக்கு ஒரு 'ஏலே' வேறு போட்டேன். வண்ணாரப்பேட்டையில் ஒரு நாளைக்கு நான் போடுகிற 'ஏலே'யை அங்கே இரண்டு நிமிஷத்தில் போட்டுத் தீர்த்துவிட்டேன்.

சிரிப்பு வந்தது ஒரே ஒரு இடத்தில். கடையில் நிஜமாக நடந்தது அது. பிரேக் ஷூ கேட்டு ஒரு பெரியவர் வந்தார். "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா அண்ணாச்சி?" என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, "நல்ல டூப்ளிகேட்டாக் குடும்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அல்வாவை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டேன். கடையில் காதில் விழுவதைப் பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்து வைக்கிறேன், பேசிப் போனில் பதிவு செய்து கேட்கிறேன். ஸ்டாண்ட்அப் வகுப்பில் சொல்லித் தருவதும் பெரும்பாலும் இதுதான். சொல்ல வந்ததை எங்கே ஆரம்பிப்பது, எந்தச் சொல்லைக் கடைசியில் வைப்பது, எதை வெட்டுவது. 'நல்ல' என்ற சொல்லை 'டூப்ளிகேட்'டுக்கு முன்னால் கொஞ்சம் இழுத்துச் சொல்ல வேண்டும் என்று பிடிபட எனக்கு ஆறு தடவை ஆனது.

சரி, காசு கொடுத்துப் படிக்கலாமா? டிவி வாய்ப்பு, சினிமா வாய்ப்பு என்று ஆசை காட்டுகிற வகுப்பு என்றால் வேண்டாம். மிமிக்ரி கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் அது வேறு கடை. மற்றபடி ஒரு தடவை போங்கள். வகுப்புக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். முப்பது பேரை உட்கார வைத்துப் பயிற்சியாளரே பேசிக்கொண்டிருந்தால் உங்களுக்கு எழுந்து நிற்கவே நேரம் கிடைக்காது. பயிற்சியாளர் மேடையில் நடிப்பதை முடிந்தால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஜூமில் எட்டு வாரம் ஒரு வகுப்பும் படித்தேன். ஸ்டாண்ட்அப் எழுதுவதற்கு அது போதும், இம்ப்ராவுக்குச் சரிப்படாது. நெட் அரை விநாடி தாமதித்தால் 'ஆமா' செத்துவிடும்.

ஆனால் சென்னைக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால், பாளையங்கோட்டையிலேயே ஐந்து பேரைச் சேருங்கள். அதில் இரண்டு பேராவது காமெடியே வராது என்று சொல்கிறவர்களாக இருக்கட்டும். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு 1 முதல் 20 வரை எண்ணுங்கள். யார் எந்த எண்ணைச் சொல்வது என்று பேசி வைக்கக் கூடாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால் திரும்ப 1. எங்களுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை 9ஐத் தாண்டவில்லை, ஒவ்வொரு தடவையும் கெடுத்தது நான்தான். மொட்டைமாடியில் வைத்தால் ஆறரைக்கு மேல் வையுங்கள். மே மாதம் என்றால் தரை ஆற ஏழரை ஆகும், இரண்டு வாளி தண்ணீர் தெளித்துவிட்டுப் பாயை விரியுங்கள்.