ஒரே கிடாவை எத்தனை வருஷம் பட்டியில் வைத்திருக்கலாம்?

கேள்வி: என்னிடம் கன்னி இனத்து ஆட்டுப் பெட்டைகள் 30-உம் ஒரு கிடாவும் உண்டு. கிடா வந்து நாலு வருஷம். இந்த ஈற்றில் மூன்று குட்டிகள் கீழ்த்தாடை குட்டையாகப் பிறந்து, காம்பைப் பிடிக்க முடியாமல் செத்தன. மூன்றின் தாய்களும் இதே கிடாவுக்குப் பிறந்தவை. கிடா வாட்டசாட்டமாக இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள், இந்த மாதமே. தாடைக் குறைக்கு வேறு காரணமும் இருக்கலாம்; ஆனால் மூன்று தாய்களும் அதன் மகள்கள் என்றால் முதல் சந்தேகம் கிடா மேல்தான்.

எந்த மரபணுவும் தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று இரண்டாக வரும். பல குறைகள் இரண்டும் கெட்டிருந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் கெட்ட ஆடு நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் குட்டிகளில் பாதிக்கு அது போய்ச் சேரும். வட்டாரத்து ஆடுகளில் இருக்கும் இந்த மரபணுக்களில் நூற்றுக்கு ஒன்று கெட்டது என்று வையுங்கள். உறவில்லாத ஆடுகள் சேர்ந்தால் 10,000 குட்டிக்கு ஒன்றுதான் குறையோடு பிறக்கும். அதே சமயம், ஆட்டுக்கு இரண்டு மரபணு என்பதால், 50 ஆட்டில் ஒன்று அதைச் சுமந்துகொண்டு திரியும். அந்த ஒன்று உங்கள் கிடாவாக இருந்துவிட்டால்? குட்டிகளின் மரபணுவில் பாதி 30 பெட்டைகளுடையது, மீதிப் பாதி முழுக்க அந்தக் கிடாவுடையது. நூற்றுக்கு ஒன்று, ஒரே தலைமுறையில் சுமார் 25 ஆகிவிடும். அப்புறம் அது தன் மகள்களோடு சேர்ந்தால் எட்டுக் குட்டிக்கு ஒன்று குறையோடு விழும். கிடா ஒன்றுதான் என்றால், பெட்டைகளை 60 ஆக்கினாலும் மரபணுக் கணக்கில் அந்தப் பட்டி நாலே ஆடு உள்ள பட்டிக்குத்தான் சமம்; உறவு அவ்வளவு சீக்கிரம் நெருங்கிவிடும். 30 பெட்டைக்கு இரண்டு கிடா விட்டாலே அந்த நாலு, ஏழுக்கு மேல் போய்விடும்.

புதுக் கிடா வாங்கும்போதுதான் ஏமாறுவீர்கள். "முகத்தில் பால்கன்னிக் கோடு எப்படி விழுந்திருக்கு பாருங்க, அசல் ரத்தம்" என்பார் தரகர். முகத்து வெள்ளைக் கோடு கன்னி இனத்தைக் காட்டும், உறவைக் காட்டாது. நீங்கள் விற்ற கிடாக்குட்டியே ரெண்டு ஊர் சுற்றி வளர்ந்து, கூடுதல் விலைக்கு உங்களிடமே திரும்பி வரும். பக்கத்துப் பட்டிக்காரரோடு மாற்றிக்கொள்வதும் அப்படித்தான். இரண்டும் ஒரே தகப்பனுக்குப் பிறந்திருந்தால் என்ன பயன்? வளர்த்தவர் பட்டிக்கே போய்த் தாயைப் பாருங்கள், தகப்பன் எது என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தாய் எது, தகப்பன் எது என்று எழுதி வைத்த பதிவு ஊரில் யாரிடமும் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2011-இல் தொடங்கி அரசாங்கத்தில் வீட்டுக்கு நாலு ஆடு என்று இலவசமாகக் கொடுத்தார்கள். காப்பீட்டுக்குக் காதுவில்லை போடுகிறார்கள். ஆடு செத்தால் வில்லை எண்ணைக் கேட்பவர்கள், பிறந்தபோது தகப்பன் எது என்று கேட்பதில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. குட்டிகள் அத்தனையையும் கறிக்கு விற்றுவிட்டு, ஒரு பெட்டைக்குட்டியைக்கூட நிறுத்தாதவர் பழைய கிடாவையே வைத்துக்கொள்ளலாம். மகளே இல்லாத பட்டியில் தகப்பனால் ஆபத்து இல்லை. ஆனால் 'இது மட்டும் அழகாயிருக்கு' என்று ஒன்றை நிறுத்தினாலும் விலக்கு முடிந்தது. கறிக்கு என்று விட்ட கிடாக்குட்டிகளும் நாலாம் மாதத்திலேயே தாயின்மேலும் தங்கையின்மேலும் ஏறும். மூன்றாம் மாதமே பிரித்துக் கட்டுங்கள்.

உங்கள் பழைய கிடாவைக் கறி எடைக்கு மட்டும் கொடுங்கள், பொலிக்கு வேண்டாம். அதன் மகன்களுக்கு விதை நசுக்கிவிடுங்கள். குறைக்குட்டி ஈன்ற மூன்று பெட்டைகளையும் கழித்துவிடுங்கள்; அவையும் அதைச் சுமப்பவையே.