சந்தைக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை: எங்கே எவ்வளவு ஏற்றுவது?

கேள்வி: சென்னிமலைப் பக்கம் விசைத்தறியில் போர்வை நெய்கிறோம். ஈரோடு வாரச் சந்தையில் மொத்தமாக 240 ரூபாய், பெருந்துறையில் எங்கள் கடையில் 350, ஆன்லைனில் 420. நூலும் கூலியும் ஏறியதில், 210 ஆக இருந்த அடக்கம் 230 ஆகிவிட்டது. கடை வாடகையும் மாதம் 2,000 ஏறியிருக்கிறது. எல்லா இடத்திலும் 10 சதவீதம் ஏற்றிவிடலாமாங்க?

பதில்: வேண்டாங்க. போர்வைக்கு ஏறிய அடக்கம் 20 ரூபாய். 10 சதவீதம் போட்டால் சந்தையில் 24, கடையில் 35, ஆன்லைனில் 42 ஏறும். நூல் ஒன்றுதான், கடைக்கு வருகிறவர் மட்டும் ஏன் 35 ரூபாய் சுமக்க வேண்டும்?

சந்தையில் உங்கள் லாபம் 30 ரூபாயிலிருந்து 10 ஆகிவிட்டது. முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான். 260 கேளுங்கள், தயங்க வேண்டாம். நூல் விலை பக்கத்துத் தறிக்காரருக்கும்தான் ஏறியிருக்கிறது. செவ்வாய்ச் சந்தைக்குத் திங்கள் இரவே வந்து சரக்குப் பார்க்கும் வியாபாரிக்கும் அது தெரியும். எல்லோருக்கும் பொதுவாக ஏறிய செலவைச் சந்தை ஏற்றுக்கொள்ளும். உங்களுக்கு மட்டும் ஏறியதை ஏற்காது.

நீங்கள் வியாபாரிக்குக் கொடுக்கும் கடன் நாளும் விலைதான். நீங்கள் மாதம் ஒன்றரை வட்டிக்குப் பணம் புரட்டுகிறவர் என்றால், இரண்டு மாதக் கடனில் போர்வைக்கு ஏறக்குறைய 7 ரூபாய் போய்விடும். விலை ஏற்ற மறுக்கும் பார்ட்டியிடம் கடன் நாட்களையாவது குறைக்கச் சொல்லுங்கள். உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லாவிட்டால் உடனே செய்துவிடுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால், பணம் கொடுத்த வருடத்தில்தான் வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். நிதியாண்டு முடியும் மார்ச் நெருங்கும்போது இதை நினைவுபடுத்துங்கள், வேலை செய்யும்.

ஆன்லைனில் கமிஷன் 15 சதவீதம் என்றால், 20 ஏற்றினால் 17தான் கைக்கு வரும். அங்கே 24 ஏற்றுங்கள்.

கடையில் 20 போதும், 370. வாடகையை விலையில் சேர்க்காதீர்கள். ஒரு போர்வை விற்றாலும் ஆயிரம் விற்றாலும் வாடகை அதேதான். மாதம் 200 போர்வை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 370க்கு விற்றால், வாடகை போகுமுன் 28,000 ரூபாய் நிற்கும். 385 ஆக்கி, விற்பனை 20 போர்வை குறைந்தால் 27,900தான். இந்த 2,000 ரூபாய்க்கு வேறு வழி பார்ப்போம்: கட்டடக்காரரிடம் பேசுங்கள், இல்லையென்றால் அதே கடையில் துண்டும் தலையணை உறையும் சேர்த்து விற்றுப் பாருங்கள்.

சந்தை விலையை மட்டும் அடுத்த வாரச் செவ்வாய்ச் சந்தைக்குத் தள்ளாமல் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.